கொட்டாங்குச்சிக் கரியும் சோடியம் பேட்டரியும்: ஆய்வு நிதி ஒதுக்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் பேட்டரி நிபுணர் குழுவினருக்கு வணக்கம்.

சோடியம் அயனி பேட்டரிக்கான கார்பன் ஆனோடு (எதிர்மின் முனை) ஆய்வுகளில் எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம் என்று முடிவு செய்யும் இடத்தில் இருக்கிறீர்கள். அந்த முடிவை எடுக்கும்போது நீங்கள் கேட்கும் முதல் கேள்வியை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். 'இதில் நானோ அமைப்பு என்ன, புதுமை என்ன' என்று தொடங்குவது வழக்கமாகிவிட்டது. 'முதல் சார்ஜில் இது எவ்வளவு சோடியத்தை விழுங்குகிறது' என்று தொடங்குங்கள். இன்னொரு கோரிக்கையும் உண்டு. 1,500 டிகிரி வரை போகக்கூடிய, ஒரு தடவைக்குச் சில பத்து கிலோ கரியைச் சுடக்கூடிய பொது உலை ஒன்று தமிழ்நாட்டில் வேண்டும். இரண்டு கோரிக்கையும் ஒரே இடத்தில் போய்ச் சேருகின்றன. எப்படி என்று சொல்கிறேன்.

கார்பன் ஆனோடுகளில் வேலை செய்பவன் நான். கீழே வருவதில் பாதி உங்களுக்குத் தெரிந்ததாகவே இருக்கும். ஆனாலும் கரி வியாபாரம் செய்பவர்களும் கல்லூரி மாணவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதால் அடியிலிருந்தே தொடங்குகிறேன்.

லித்தியம் பேட்டரியின் ஆனோடு கிராஃபைட். ஆறு கார்பன் அணுவுக்கு ஒரு லித்தியம் என்ற கணக்கில் அதன் அடுக்குகளுக்கு நடுவே லித்தியம் போய் உட்காரும். கொள்ளளவு கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர்-மணி. அதே கிராஃபைட்டில், வழக்கமான எலக்ட்ரோலைட்டை (அயனிகளைக் கடத்தும் திரவம்) வைத்துச் சோடியத்தை ஏற்றிப் பார்த்தால் இதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. சோடியம் அயனி பெரியது, அதனால்தான் நுழைய முடியவில்லை என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். ஆனால் பொட்டாசியம் அயனி சோடியத்தைவிடப் பெரியது. அது கிராஃபைட்டுக்குள் எட்டுக் கார்பனுக்கு ஒன்று வீதம் தாராளமாகப் போகிறது. அப்படியென்றால் அளவு மட்டும் காரணமாக இருக்க முடியாது. கார்பன் அடுக்கோடு சோடியத்துக்கு உண்டாகும் பிணைப்பு பலவீனமானது. உள்ளே போய் உட்காருவதைவிட, வெளியே உலோகமாகப் படிந்துவிடுவதே அதற்கு எளிது. இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் போனால், அடுக்கு இடைவெளியை இன்னும் கொஞ்சம் அகட்டினால் போதும் என்ற ஒரே பாதையில் திட்டத்துக்கு மேல் திட்டமாக எழுதிக்கொண்டிருப்போம்.

கார்பனில் இரண்டு வகை உண்டு என்று பிரித்துக் காட்டியவர் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின். டி.என்.ஏ.வின் எக்ஸ்-கதிர்ப் படத்துக்காக நாம் அறிந்த அதே ஃபிராங்க்ளின்தான். அந்த வேலைக்கு வருவதற்கு முன் இங்கிலாந்தில் நிலக்கரியையும் பாரிஸில் கார்பனையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். சூடேற்றினால் கிராஃபைட்டாக மாறும் கார்பன் ஒன்று, 3,000 டிகிரி வரை கொண்டுபோனாலும் மாறாத கார்பன் இன்னொன்று என்று 1951இல் வெளியான அவருடைய கட்டுரை சொல்கிறது. மாறாத வகையில் குட்டிக் குட்டிக் கார்பன் ஏடுகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். ஏடுகளுக்கு இடையே உள்ள குறுக்குப் பிணைப்புகள் அவற்றை ஒழுங்காக அடுக்க விடாது. அந்த ஒழுங்கின்மைக்கு நடுவே நானோமீட்டர் அளவில் வெற்றிடங்கள் சிக்கிக்கொள்ளும். இன்று ஹார்ட் கார்பன் என்று நாம் சொல்வது இதைத்தான். கிராஃபைட்டின் அடுக்கு இடைவெளி 0.335 நானோமீட்டர், ஹார்ட் கார்பனில் 0.37 முதல் 0.40 வரை இருக்கும்.

2000இல் கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன்ஸும் ஜெஃப் டானும் குளுக்கோஸைக் கரியாக்கி, அதில் கிராமுக்கு ஏறக்குறைய 300 மில்லி ஆம்பியர்-மணி அளவுக்குச் சோடியத்தை ஏற்றி இறக்கிக் காட்டினார்கள். அதோடு இந்தத் துறையே திரும்பியது. 2011இல் டோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஷினிச்சி கொமாபாவின் குழு, ஹார்ட் கார்பனோடு சோடியம் கேத்தோடை (நேர்மின் முனை) இணைத்து, முழு செல்லாகவே நிலையாக ஓடும் என்று நிரூபித்தது.

ஹார்ட் கார்பனுக்குள் சோடியம் ஏறுவதைத் திரையில் பார்க்கும்போது ஒரு விஷயம் கண்ணில் படும். வோல்டேஜ் கோடு 1 வோல்ட் பக்கத்திலிருந்து சரிந்துகொண்டே வரும். 0.1 வோல்டுக்கு அருகே வந்ததும் சரிவு நின்றுவிடும். அப்புறம் கோடு தரையோடு தரையாக நீண்ட தூரம் ஓடும். சரிவில் இருக்கும்போது சோடியம் ஏடுகளின் ஓரங்களிலும் குறைகளிலும் ஒட்டுகிறது, ஏடுகளுக்கு இடையிலும் புகுகிறது. தட்டையான பகுதியில் உள்ளே மூடிக்கிடக்கும் நானோ துளைகளில் திரள்கிறது. எந்தப் பகுதியில் எது நடக்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் பல வருஷம் வாக்குவாதம் நடந்தது. இன்னும் முழுசாக ஓயவில்லை. ஆனால் கேம்பிரிட்ஜில் கிளேர் கிரேயின் குழு, செல் ஓடிக்கொண்டிருக்கும்போதே காந்த ஒத்ததிர்வு முறையில் அளந்து, தட்டைப் பகுதியின் கடைசியில் சோடியம் கிட்டத்தட்ட உலோகத் தன்மையோடு இருக்கிறது என்று 2016இல் காட்டியது. துளைகளில்தான் திரள்கிறது என்ற கருத்துக்கு அதுவே பெரிய பலம்.

முழு பேட்டரிக்கு வேண்டியது இந்தத் தட்டைப் பகுதி. ஆனோடு எவ்வளவு தாழ்ந்த, மாறாத வோல்டேஜில் நிற்கிறதோ அவ்வளவுக்குச் செல்லின் வோல்டேஜ் உயர்ந்து நிற்கும். ஆகவே நமக்குத் தேவையான நானோ அமைப்பு கார்பனின் உள்ளே இருக்க வேண்டும். வெளிப்புறம் வழவழப்பாக, எலக்ட்ரோலைட் உள்ளே புக வழியில்லாமல் இருக்க வேண்டும்.

உங்கள் மேசைக்கு வரும் திட்டங்களில் பெரும்பாலானவை நேர் எதிராக இருக்கும் என்பது என் ஊகம். நான் வாசிக்கும் ஆய்வுக் கட்டுரைகளும் அப்படித்தான் இருக்கின்றன. நானோ தாள், நானோ பூ, நானோ நூல், நைட்ரஜன் கலந்த கிராஃபீன், நுரை போன்ற கார்பன். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் அழகாக வரும். மேற்பரப்பு கிராமுக்கு 500 சதுர மீட்டர், 1,000 சதுர மீட்டர் என்று பெருமையாக எழுதியிருக்கும். முதல் தடவை சார்ஜ் ஏறும்போது அந்த மேற்பரப்பு முழுவதும் எலக்ட்ரோலைட் சிதைந்து ஒரு படலமாகப் படியும். அந்தப் படலத்துக்குள் போன சோடியம் திரும்பி வராது. மேற்பரப்பு கூடக் கூட இழப்பும் கூடும். இப்படிப்பட்ட கார்பனில் முதல் சுற்றில் ஏறியதில் பாதிக்கும் குறைவாகவே இறங்குவது சாதாரணம்.

சரி, அப்புறம் எப்படி இவை நல்ல முடிவாக வெளிவருகின்றன? சோதனை நடக்கும் முறையில்தான் விடை இருக்கிறது. ஆய்வுக்கூடத்தின் நாணய அளவுக் காயின் செல்லில் ஒரு பக்கம் நம் கார்பன், மறுபக்கம் ஒரு வட்டச் சோடியத் தகடு. அந்தத் தகட்டில் இருக்கும் சோடியம், கார்பனுக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு. கார்பன் எவ்வளவு விழுங்கினாலும் தகடு கொடுத்துக்கொண்டே இருக்கும். கிணற்றுக்குள் மூழ்கிக் கிடக்கும்வரை ஓட்டை வாளியும் நிறைந்துதான் இருக்கும்; மேலே தூக்கினால்தான் ஓட்டை தெரியும். உண்மையான பேட்டரியில் சோடியத் தகடு கிடையாது. கேத்தோடில் இருக்கும் சோடியம்தான் மொத்தக் கையிருப்பு. அதில் 100 பங்கு இருந்து, முதல் சார்ஜிலேயே ஆனோடு 40ஐ விழுங்கிவிட்டால், மீதி 60ஐ வைத்துத்தான் அந்த பேட்டரி ஆயுள் முழுக்க ஓட வேண்டும். ஆயிரம் சுற்று நிலையாக ஓடியது என்ற வரைபடம் இதைக் காட்டாது. அந்த வரைபடம் பெரும்பாலும் இரண்டாவது சுற்றிலிருந்துதான் தொடங்கும்.

விற்பனைக்கு வரும் நல்ல ஹார்ட் கார்பனில் முதல் சுற்றுத் திறன், அதாவது முதல் தடவை ஏறிய சோடியத்தில் திரும்பி இறங்கும் பங்கு, 85இலிருந்து 90 சதவீதத்துக்கு மேலும் இருக்கும். அதன் மேற்பரப்பு கிராமுக்கு ஒற்றை இலக்கச் சதுர மீட்டர். நுண்ணோக்கியில் பார்த்தால் உடைத்த கருங்கல் ஜல்லி மாதிரி கிடக்கும். பத்திரிகை அட்டைக்குப் படம் கிடைக்காது. மதிப்பீட்டுக் கூட்டம் ஒன்றில் இப்படி ஒரு ஜல்லிப் படத்தை நான் காட்டியபோது, 'இது கொட்டாங்குச்சிக் கரிதானே, இதில் புதுமை என்ன' என்று கேட்டார்கள். திறன் எவ்வளவு என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை. யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அன்று கேட்கப்பட்ட கேள்வி எங்கே போனாலும் காதில் விழுகிறது. மாணவர்கள் அதற்கேற்ற பதிலைத்தான் தயார் செய்கிறார்கள். கேள்வியை மாற்றினால் பதிலும் மாறும்.

நானோ ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கொமாபா குழு 2021இல் வெளியிட்டதைப் பாருங்கள். மெக்னீசியம் உப்பையும் குளுக்கோஸையும் கலந்து, 600 டிகிரியில் சுட்டு, கார்பனுக்குள் மெக்னீசியம் ஆக்சைடு நானோ துகள்களை உருவாக்கினார்கள். பிறகு அமிலத்தில் அந்தத் துகள்களைக் கரைத்து எடுத்தார்கள். துகள் இருந்த இடமெல்லாம் துளை. அதோடு நிறுத்தியிருந்தால் அதுவும் மற்றவற்றைப் போல நுரைக் கார்பனாகத்தான் இருந்திருக்கும். அவர்கள் அதை 1,500 டிகிரிக்குக் கொண்டுபோனார்கள். ஏடுகள் வளர்ந்து துளைகளின் வாயை அடைத்தன, துளைகள் உள்ளே மிஞ்சின. கிடைத்தது கிராமுக்கு 478 மில்லி ஆம்பியர்-மணி, முதல் சுற்றுத் திறன் 88 சதவீதம். கிராஃபைட்டில் லித்தியத்துக்குக் கிடைப்பதைவிடக் கூடுதல். நானோ அமைப்பை எங்கே, எதற்காக வைக்க வேண்டும் என்று தெரிந்து செய்த வேலை இது. இப்படிப்பட்ட திட்டம் உங்களிடம் வந்தால் தயங்காமல் பணம் கொடுங்கள்.

இன்னொரு சிக்கல் அளவீட்டில் இருக்கிறது. மூடிய துளைக்குள் நைட்ரஜன் வாயு போகாது. ஆகவே துளைகளை அளக்க எல்லாரும் செய்யும் நைட்ரஜன் உறிஞ்சல் சோதனையில், பேட்டரிக்கு வேண்டிய துளை கண்ணுக்கே தெரியாது. வேண்டாத துளைதான் தெரியும். சிறுகோண எக்ஸ்-கதிர்ச் சிதறலில் மூடிய துளையும் தெரியும். அந்தக் கருவிக்காக மாணவர்கள் மாதக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

இனி கொட்டாங்குச்சிக்கு வருகிறேன். ஜப்பானின் குராரே நிறுவனம் தாவர மூலத்திலிருந்து செய்யும் ஹார்ட் கார்பன், உலகம் முழுவதும் ஆய்வுக்கூடங்களில் ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் சரக்கு. அதன் மூலப்பொருள் கொட்டாங்குச்சி. லிக்னின் (தாவரத்துக்கு உறுதி தரும் பொருள்) நிறைந்த, அடர்த்தியான, மரத்தைப் போல நீண்ட குழாய்கள் இல்லாத பொருள் அது. சுட்டால் வரும் கரியும் அடர்த்தியாகவே இருக்கும். நாட்டில் தேங்காய் அதிகம் விளையும் மூன்று மாநிலங்களில் தமிழ்நாடு ஒன்று. காங்கேயம், வெள்ளகோவில், பொள்ளாச்சி பக்கம் கொப்பரைக் களங்களிலிருந்து வரும் தொட்டியை (கொட்டாங்குச்சியைத்தான் இப்படிச் சொல்கிறோம்) வைத்துத் தொட்டிக்கரித் தொழில் பல காலமாக நடக்கிறது. அந்தக் கரி ஆக்டிவேட்டட் கார்பன் ஆலைகளுக்குப் போகிறது, கப்பல் ஏறுகிறது.

தொட்டியைச் சுடும் குழிகளின் பக்கத்தில் போய் நின்றால் தெரியும், அங்கே வேலை செய்பவர்கள் புகையைப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார்கள். முதலில் வெள்ளையாக, கண்ணைக் கரிக்கும் அடர்ந்த புகை. ஈரம் போகிறது என்று அர்த்தம். பிறகு மஞ்சளடித்து, கடைசியில் மெல்லிய நீலமாக வரும்போது மேலே தகரத்தைப் போட்டு மண்ணால் பூசிக் காற்றை அடைப்பார்கள். நல்ல கரியைச் சிமென்ட் தரையில் போட்டால் கணீரென்று உலோகச் சத்தம் வரும். உடைத்தால் உடைந்த இடம் கண்ணாடி மாதிரி பளபளக்கும். வேகாத கரி மந்தமாகச் சத்தம் போடும். எக்ஸ்-கதிர்க் கருவி சொல்வதில் ஒரு பகுதியை இவர்கள் காதாலேயே தெரிந்துகொள்கிறார்கள். ஹார்ட் கார்பன் தயாரிப்பில் பாதி வேலை நம் ஊரில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காகவே இதை விவரமாகச் சொன்னேன்.

மீதிப் பாதிதான் நம்மிடம் இல்லை. தொட்டிக்கரி அப்படியே பேட்டரிக்கு ஆகாது. அதன் சாம்பலில் பொட்டாசியம் அதிகம். களத்தில் ஒட்டிய மணலும் இருக்கும். பொட்டாசியத்தைக் கழுவாமல் 1,000 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் அது கார்பனை அரித்துத் துளைகளைத் திறந்துவிடும். அதனால் அமிலத்தில் கழுவுவது கடைசிச் சூட்டுக்கு முன்பே நடக்க வேண்டும். அப்புறம் ஆர்கான் அல்லது நைட்ரஜன் ஓட்டத்தில், நிமிஷத்துக்குச் சில டிகிரி என்ற வேகத்தில், 1,300 முதல் 1,500 வரை ஏற்ற வேண்டும். 1,000 டிகிரியில் நிறுத்தினால் சரிவுப் பகுதிதான் பெரிதாக இருக்கும். அளவுக்கு மீறிப் போனால் ஏடுகள் நெருங்கிக் கொள்ளளவு குறையத் தொடங்கும். ஆக்டிவேட்டட் கார்பன் தொழிலில் நீராவி பாய்ச்சித் துளைகளைத் திறக்கிறார்கள். நமக்கு அவற்றை அடைக்க வேண்டும். ஒரே தொட்டிதான், ஆனால் ஆலைக்காரர்களின் கைப்பழக்கம் எதிர்த்திசையில் இருக்கிறது. அதைக் கற்றுக்கொடுக்க ஓர் இடம் வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சூடான கரியைத் தண்ணீர் ஊற்றி அணைக்கும் இடங்களில் கழிவுநீர் நிலத்தில் இறங்குவதாகவும், புகை வயலுக்கு வருவதாகவும் திருப்பூர் மாவட்ட விவசாயிகள் பல வருஷமாகப் புகார் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது நியாயம். பேட்டரி என்ற பெயரில் அதே குழிகளைப் பெருக்கினால் சுத்தமான எரிசக்தி என்று சொல்ல நமக்கு வாயில்லை. மூடிய கலனில் கரியாக்கி, வெளிவரும் வாயுவை எரித்து அதே உலைக்குச் சூடாகத் திருப்புவது தெரிந்த தொழில்நுட்பம்தான். பொது உலையில் இதுவும் ஓர் அங்கமாக இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கத்துச் சீமைக்கருவேலத்தையும் பலர் சொல்வார்கள். மூட்டம் போட்டுக் கரி எடுப்பது அங்கே பல குடும்பங்களுக்குப் பிழைப்பு, மரத்துக்கும் பஞ்சமில்லை. ஆனால் மரக்கரியில் நீர்க்குழாய்கள் திறந்தே கிடக்கும், சாம்பலும் வேறு மாதிரி. முதலில் தொட்டி, அடுத்ததாகக் கருவேலம் என்று வரிசை வைத்துக்கொள்வது நல்லது என்று எனக்குப் படுகிறது.

எவ்வளவு வேண்டும் என்று தோராயமாகக் கணக்குப் போடலாம். கிராமுக்கு 300 மில்லி ஆம்பியர்-மணி, செல் வோல்டேஜ் 3 என்று வைத்தால், ஒரு கிராம் ஹார்ட் கார்பனுக்கு 0.9 வாட்-மணி. ஒரு கிலோவாட்-மணி பேட்டரிக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். ஒரு ஜிகாவாட்-மணி ஆலைக்கு வருஷத்துக்கு 1,100, 1,200 டன். நூறு கிலோ தொட்டியில் சுமார் 30 கிலோ கரி கிடைக்கும். கடைசிச் சூட்டில் அதிலும் ஒரு பங்கு வாயுவாகப் போகும். ஆக, 5,000 டன் அளவுக்குத் தொட்டி வேண்டும். எட்டாத அளவு இல்லை. நம்மிடம் இல்லாதது நடுப்படி. ஆய்வுக்கூடத்தின் குழாய் உலையில் ஒரு தடவைக்குச் சில கிராம் சுடலாம். ஆலைக்கு டன் கணக்கில் வேண்டும். கிராமில் நல்லதாக வந்த சரக்கு கிலோவில் அப்படியே வருவதில்லை. உலையின் நடுவிலும் ஓரத்திலும் சூடு வேறுபடும். கரியிலிருந்து வெளிவரும் வாயு தங்கி நின்றால் துளையின் தன்மையே மாறிவிடும். ஆடி மாதத் தொட்டியும் தை மாதத் தொட்டியும் ஒன்றாக நடந்துகொள்ளுமா என்று டஜன் கணக்கில் சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். இதையெல்லாம் பார்க்க எந்தக் கரி ஆலைக்காரரும் சொந்தப் பணத்தில் 1,500 டிகிரி உலை வாங்கமாட்டார். எந்தப் பேராசிரியரின் தனித் திட்டத்திலும் அதற்கு இடமில்லை.

எங்கே வைப்பது என்று கேட்டால், காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை முதலில் சொல்வேன். 1948இல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்த நிறுவனம் அது. மின்வேதியியலுக்கென்றே இருக்கிறது, பேட்டரி தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கருவேலக் கரி நடக்கும் மாவட்டத்திலேயே இருக்கிறது, கொங்குப் பக்கத்துத் தொட்டியும் ஒரே நாளில் லாரியில் வந்துவிடும். வேறு இடம் பொருத்தம் என்று நீங்கள் கருதினால் அதுவும் சரிதான். ஆனால் கதவு திறந்திருக்க வேண்டும். கரி ஆலைக்காரர் ஒருவர் இரண்டு மூட்டை கரியோடு வந்து, கட்டணம் கட்டி, கழுவிச் சுட்டு அரைத்து, முழு செல்லில் போட்டுப் பார்த்த அறிக்கையை வாங்கிக்கொண்டு போகும்படி இருக்க வேண்டும். அறிக்கையைத் தமிழிலும் கொடுக்க வேண்டும்.

லித்தியம் விலை விழுந்துவிட்டதே, இனி சோடியம் எதற்கு என்று கேட்பீர்கள். 2022 கடைசியில் டன் 6 லட்சம் யுவான் பக்கம் போன லித்தியம் கார்பனேட், அடுத்த ஆண்டு முடிவதற்குள் 1 லட்சம் பக்கம் இறங்கியது உண்மை. அந்த விலையில் இரும்பு பாஸ்பேட் லித்தியம் செல்லோடு சோடியம் செல் போட்டி போடுவது கடினம். ஸ்வீடனின் பேட்டரி நிறுவனம் நார்த்வோல்ட் திவாலானது. அமெரிக்காவின் சோடியம் பேட்டரி நிறுவனம் நேட்ரான் 2025இல் மூடப்பட்டது. ஆனால் அதே காலத்தில் சீனாவில் சி.ஏ.டி.எல். நிறுவனம் 2021இல் கிலோவுக்கு 160 வாட்-மணி என்று அறிமுகம் செய்த சோடியம் செல்லை 2025இல் 175க்குக் கொண்டுவந்து வாகனங்களுக்கென அறிவித்தது. ஹைனா நிறுவனத்தின் சோடியம் செல்களை வைத்து ஹூபெய் மாகாணத்தில் 100 மெகாவாட்-மணி சேமிப்பு நிலையம் 2024இல் மின்தொகுப்பில் சேர்ந்தது. லித்தியம் விலை விழுந்த பிறகும் அவர்கள் விடவில்லை. நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023 டிசம்பர் 1 முதல் கிராஃபைட் ஏற்றுமதிக்குச் சீனா உரிமம் கட்டாயமாக்கியது. உலகின் ஆனோடு சரக்கில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. உப்பு தூத்துக்குடியில் விளைகிறது. சோடியம் சேர்மங்களுக்கு வேண்டிய சோடா சாம்பலையும் அங்கேயே செய்கிறார்கள். சோடியம் அலுமினியத்தோடு கலவையாவதில்லை. அதனால் ஆனோடு பக்கமும் தாமிரத் தகட்டுக்குப் பதில் அலுமினியத் தகடு போதும். இதில் வெளியிலிருந்து வரும் சரக்காக ஹார்ட் கார்பன் மட்டும் மிஞ்சிவிடக் கூடாது என்பதே என் கவலை. நம் தொட்டிக்கரியை ஏற்றுமதி செய்து, அதையே பேட்டரிக் கார்பனாகப் பல மடங்கு விலைக்குத் திரும்ப வாங்கும் நிலையை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

உங்கள் அறக்கட்டளையின் மின்வாகன ஆய்வுத் திட்டம் வெப்ப நாட்டுக்கு ஏற்ற பேட்டரி என்று தனியாகச் சொல்கிறது. அதை வரவேற்கிறேன். சோடியம் செல்லில் ஆனோடு மேல் உருவாகும் படலம், லித்தியம் செல்லில் இருப்பதைவிட எலக்ட்ரோலைட்டில் எளிதாகக் கரையும். சூட்டில் இன்னும் கரையும். கரைந்த இடத்தில் புதுப் படலம் உருவாக மறுபடியும் சோடியம் செலவாகும். 25 டிகிரி குளிர்சாதன அறையில் அழகாக ஓடும் செல், சித்திரை வெயிலில் நிற்கும் ஆட்டோவுக்குள் என்ன செய்யும் என்று 45 டிகிரியில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும். வாரக்கணக்கில் சும்மா வைத்துவிட்டு எவ்வளவு சார்ஜ் மிஞ்சுகிறது என்றும் பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சூட்டுப் பெட்டியும் பொறுமையும் போதும்.

ஆகவே அடுத்த அழைப்பை வெளியிடும்போது கார்பன் ஆனோடு திட்டங்களுக்கான விண்ணப்பத்தில் சில கட்டங்களைச் சேர்த்துவிடுங்கள். முதல் சுற்றுத் திறன் எவ்வளவு என்று ஒரு கட்டம். 0.1 வோல்டுக்குக் கீழே கிடைக்கும் கொள்ளளவு எவ்வளவு என்று ஒன்று. சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் பூசிச் சோதித்தார்கள் என்பதும் வேண்டும். 1 மில்லிகிராம் பூசி எடுத்த எண், அதைப்போலப் பல மடங்கு தடிமனாகப் பூசும் ஆலையில் நிற்காது. அப்புறம், சோடியத் தகடு இல்லாத முழு செல்லில், 45 டிகிரியில், முதல் சுற்றிலிருந்தே வரைந்த வரைபடம். திட்டம் தொடங்கும்போது இவை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டாம் ஆண்டுப் பணம் விடுவிக்கும் முன் வந்தாக வேண்டும் என்று வையுங்கள். எண் மோசமாக வந்தாலும் மறைக்காமல் எழுதிய மாணவருக்குப் பணம் நிற்கக் கூடாது. அதையும் விதியாகவே எழுதுங்கள்.

உலைக்கு வருகிறேன். 2025இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 1 லட்சம் கோடி ரூபாய் ஆய்வு, மேம்பாட்டு நிதி ஆய்வுக்கூடத்தைத் தாண்டிவந்த தொழில்நுட்பங்களுக்கானது. அதன் சிறப்பு நிதியம் உங்கள் அறக்கட்டளைக்குள்தான் இருக்கிறது. அந்த நிதி நிறுவனங்களுக்குப் போகும். நிறுவனங்கள் அதைக் கேட்கும் நிலைக்கு வருவதற்கு முந்தைய படியில்தான் இந்தப் பொது உலை வருகிறது. அதை அறக்கட்டளையின் நேரடி ஆய்வுப் பணத்திலிருந்து அமைத்துக்கொடுங்கள். தமிழ்நாடு தொழில்துறையும் இதில் பங்கு போடலாம். இந்த மடலின் நகலை அவர்களுக்கும் அனுப்புகிறேன். உலையின் அளவு, வாயு வசதி, கழுவும் கலன், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, அரவை, பூச்சு எந்திரம், சோதனை அறை என்று என்னென்ன வேண்டும் என்று எழுதித் தர நானும் என்னைப் போன்ற பலரும் தயாராக இருக்கிறோம். காங்கேயத்தில் ஒரு கூட்டம் போட்டு, கரி ஆலைக்காரர்களையும் பக்கத்து விவசாயிகளையும் உட்கார வைத்துப் பேசிவிட்டு அந்தப் பட்டியலை இறுதி செய்யலாம். தேதி சொல்லுங்கள், வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
கார்பன் ஆனோடு ஆய்வாளர் ஒருவர்